ரத வீதியில் கிராண்ட் டூரர்: வாசகர் கேள்வி-பதில்

பென்ட்லி கான்டினென்டல் ஜிடி போன்ற சொகுசு கிராண்ட் டூரர் கார்களைப் பற்றி நெல்லை, தென்காசி மாவட்ட வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைப் பல பேர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்துச் சொல்லியிருக்கிறோம்.

அண்ணாச்சி, பின்னால் ‘ஜிடி’ என்று எழுதிய கார் எல்லாம் ஒரே ரகம்தானா? சின்னக் காரிலும் போட்டிருக்கிறார்களே!
*- வாசகர், திசையன்விளை*

எழுத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஜிடி என்பதன் விரிவு கிராண்ட் டூரர். அப்படியென்றால் இரண்டு பேர் பெட்டி படுக்கையோடு காலையில் ஏறி, சாயங்காலம் அறுநூறு எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, முதுகு வலிக்காமல் இறங்க வேண்டும். அதற்காகவே கட்டின வண்டி அது. பெரிய எஞ்சின் முன்னால், நீண்ட பானெட், இரண்டு கதவு, பின்னால் பெயருக்கு இரண்டு சீட். ஸ்போர்ட்ஸ் கார்க்காரன் எடையைக் குறைக்கப் பார்ப்பான். இதில் இரட்டைக் கண்ணாடி, தடித்த தோல், சத்தத் தடுப்பு, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். அதனால்தான் கான்டினென்டல் ஜிடியின் எடை இரண்டு டன்னைத் தாண்டுகிறது. ஆஸ்டன் மார்ட்டின் டிபி12, ஃபெராரி ரோமா, மசராட்டி கிரான்டூரிஸ்மோ, லெக்சஸ் எல்சி 500 ஆகியவையும் இந்த வகைதான், ஆளுக்கொரு குணம்.

ஆரம்பகால கான்டினென்டல் ஜிடி ஒன்று புது எஸ்யூவி விலைக்கு வருகிறது. பன்னிரண்டு சிலிண்டர் வாங்கலாமா, எட்டு சிலிண்டரா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
*- வாசகர், பாளையங்கோட்டை*

காரின் விலை இறங்கியிருக்கிறது, பாகங்களின் விலை இறங்கவில்லை. பதினைந்து வருஷப் பழைய காருக்கும் இன்றைய பென்ட்லி விலைக்குத்தான் பாகம் வரும். வாங்கும் தொகையில் கால் பங்காவது தனியாக எடுத்து வைக்க முடியாதென்றால் இந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

2003இல் வந்த முதல் தலைமுறையில் 6 லிட்டர் டபிள்யூ12 எஞ்சின், இரண்டு டர்போ, 560 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தி, 650 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பு விசை). 2011இல் இரண்டாம் தலைமுறை, அடுத்த வருஷமே அதில் 4 லிட்டர் வி8 (507 பிஎஸ், 660 நியூட்டன் மீட்டர்) சேர்ந்தது. 2018இல் விற்பனைக்கு வந்த மூன்றாம் தலைமுறை போர்ஷே பனமேராவின் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டது. அதில் டபிள்யூ12க்கு 635 பிஎஸ், 900 நியூட்டன் மீட்டர். 2024இல் டபிள்யூ12 உற்பத்தி நின்றுபோய், நாலாம் தலைமுறை ஹைப்ரிட் ஆகிவிட்டது.

நம் ஊர்ப் பக்கம் வைத்து ஓட்ட எங்கள் ஓட்டு இரண்டாம் தலைமுறை வி8க்கு. டபிள்யூ12 என்பது 15 டிகிரி கோணத்தில் நெருக்கிய இரண்டு ஆறு சிலிண்டர் வரிசைகளை 72 டிகிரியில் ஒரே கிராங்க் ஷாஃப்டில் சேர்த்தது. அருமையான எஞ்சின், நீளமும் குறைவு. ஆனால் பானெட்டுக்கு அடியில் விரல் நுழைய இடமில்லை. முதல் தலைமுறையில் டர்போ, அதை ஒட்டிய குழாய்கள், பின்பக்க வேக்யூம் ஹோஸ் என்று எதைத் தொட்டாலும் எஞ்சினைக் கீழே இறக்கச் சொல்வார்கள். நூறு ரூபாய் ஹோஸுக்குப் பல நாள் கூலி. வி8இல் அந்தத் தொல்லை குறைவு. நிதானமாக ஓடும்போது பாதி சிலிண்டர்கள் தாமாகவே அணைந்துகொள்ளும். எட்டு வேக டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸும் உறுதி.

வி8இல் ஒரே எச்சரிக்கை எண்ணெய். டர்போ இரண்டும் ‘வி’யின் நடுவில், அதாவது எஞ்சினின் சூடான இடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. இதே குடும்ப எஞ்சின் வைத்த ஆடி கார்களில், டர்போவுக்கு எண்ணெய் போகும் வழியிலுள்ள சின்ன வலை கசடால் அடைத்து டர்போ கெட்ட கதைகள் உண்டு. ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவையோ எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவையோ எண்ணெய் மாற்றியதற்கு பில் இருக்க வேண்டும். ‘கம்பெனி நீண்ட இடைவெளி கொடுத்திருக்கான்’ என்று விற்பவர் சொன்னால் அது குளிர்நாட்டுக் கணக்கு.

பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் டர்போ சீல் அல்லது வால்வு சீல். பிறகு சஸ்பென்ஷனை முழுக்க ஏற்றி இறக்கி, நாலு மூலையும் ஒரே சீராக நகர்கிறதா என்று கவனியுங்கள்.

அடுத்து கார்ப்பெட். கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் மழைநீர் வடியும் துவாரங்கள் உண்டு. வேப்பமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ நிறுத்திய காரில் பொடி இலை அதை அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்கி, கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். மேலே தொட்டால் காய்ந்துதான் இருக்கும், அடியிலிருக்கும் ஸ்பாஞ்சை அழுத்திப் பார்த்தால்தான் ஈரம் தெரியும். வயரிங்கும் கன்ட்ரோல் யூனிட்டும் அந்தப் பக்கம் இருப்பதால் இது நேராகப் பணத்தில் போய் முடியும். 2015 சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் நெல்லை-தூத்துக்குடி வெள்ளம் இரண்டுக்கும் பிறகு கைமாறிய வண்டி என்றால் இன்னும் கவனம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, மடிப்பில் வண்டல் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டை யாரும் கழற்றிக் கழுவுவதில்லை.

ஐந்நூறு ரூபாய் ஸ்கேனர் டப்பா எஞ்சின் பிழையை மட்டும் காட்டும். சஸ்பென்ஷன், கதவு, கியர்பாக்ஸ் யூனிட்டுகளைப் படிக்க ஃபோக்ஸ்வாகன் குழும கார்களுக்கான ஸ்கேனர் வேண்டும். அது உள்ளவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரவு நிறுத்திய காரில் காலையில் முன் இடது பக்கம் மட்டும் இறங்கிக் கிடக்கிறது. ஸ்டார்ட் பண்ணினால் ஏறிவிடுகிறது. ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு சாதா ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக்.
*- வாசகர், அம்பாசமுத்திரம்*

ஸ்பிரிங் வேண்டாம். முதலில் காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்.

சாயங்காலம் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். காலையில் கதவைத் திறக்கும் முன்பே மறுபடியும் அளக்க வேண்டும், ஏனென்றால் கதவைத் திறந்தாலே சிஸ்டம் விழித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் நாலு பக்கமும் சிறிது இறங்குவது இயல்பு. ஒரே ராத்திரியில் ஒரு மூலை மட்டும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் அந்த மூலையில் கசிவு. இரண்டு மூன்று மூலைகள் நாளுக்கொன்றாக மாறி மாறி இறங்கினால் நாலு மூலைக்கும் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்கைச் சந்தேகிக்கலாம்.

பிறகு வண்டியை ஏற்றி நிறுத்தி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பண்ணுங்கள். காற்றை அடைத்து வைத்திருக்கும் ரப்பர் பெல்லோஸ் மடிப்பு, அதன் உச்சியில் காற்றுக் குழாய் சேரும் பித்தளை இணைப்பு, வால்வு பிளாக் ஆகிய மூன்று இடங்களையும் நனைத்து ஐந்து நிமிஷம் பொறுங்கள். கசிவு மெதுவாக இருந்தால் குமிழி மெதுவாகத்தான் வரும். இணைப்பில் கசிந்தால் செலவு கொஞ்சம்தான், குழாய் முனையை நேராக வெட்டிப் புது இணைப்பு போட்டால் போதும். பெல்லோஸ் மடிப்பில் கசிந்தால் ஸ்ட்ரட்டை, அதாவது பெல்லோஸும் டேம்பரும் சேர்ந்த தூணை, மாற்ற வேண்டும். நம் வெயிலும் புழுதியும் சேர்ந்து ரப்பர் மடிப்பை அரத்தால் ராவின மாதிரி தேய்த்துவிடும். முன் ஸ்ட்ரட்டை ஜோடியாக மாற்றுவது நல்லது, ஒன்று போனால் மற்றது பின்னாலேயே வரும்.

தள்ளிப்போட்டால் அடுத்த பலி கம்ப்ரஸர். கசிந்த காற்றை ஈடுகட்ட அது அடிக்கடி ஓடும், சூடாகும், பிஸ்டன் வளையம் தேயும், ஈரம் உறிஞ்சும் டிரையர் நிறைந்து வால்வு பிளாக்கில் தண்ணீர் சேரும். கம்ப்ரஸரை மாற்றும்போது அதன் ரிலேயையும் மாற்றியே ஆகவேண்டும். பழைய ரிலேயின் முனை ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக் கருகும்.

சாதா ஸ்பிரிங் போட்டால் உயர சென்சார், எலக்ட்ரானிக் டேம்பர், ஹெட்லைட் மட்டம் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது நின்றுபோகும். எச்சரிக்கை விளக்கு அணையாது, விற்கும்போது விலையும் வராது. எந்த வேலைக்கும் ஜாக்கி வைக்கும் முன்பு திரையில் ‘ஜாக் மோட்’ போடச் சொல்லுங்கள். போடாவிட்டால் தூக்கிய மூலையைச் சரிசெய்ய நினைத்து சிஸ்டம் காற்றை வெளியேற்றிவிடும்.

நண்பரின் 2019 கான்டினென்டல் ஜிடியைத் தம்பி கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை அழைப்பு டவுன் ரத வீதி நாலும் சுற்றும். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊர வேண்டியிருக்கும். வண்டிக்கு ஆகுமா?
*- வாசகர், நெல்லை டவுன்*

நல்ல வேளை, முன்கூட்டியே கேட்டீர்கள். மூன்றாம் தலைமுறையில் இருப்பது எட்டு வேக டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். முந்தைய இரண்டு தலைமுறைகளிலும் டார்க் கன்வெர்ட்டர். கன்வெர்ட்டரில் எண்ணெய்தான் வழுக்கும், ஊர்ந்தால் எண்ணெய் சூடாகுமே தவிர தகடு தேயாது. டூயல் கிளட்சில் கிளட்ச் தகடுகளே வழுக்கியாக வேண்டும். முதல் கியரில் எஞ்சின் ஐடிலில் ஓடினாலே வண்டி நாதஸ்வரக்காரர் நடையைவிட வேகமாகப் போகப் பார்க்கும். அதற்கும் குறைவாகப் போகச் சொன்னால் தகடுகள் முழுசாகப் பிடிக்காமல், முழுசாக விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். எண்ணெயில் முங்கிய கிளட்ச்தான், உடனே கருகாது. ஆனால் ஒரு மணி நேரம் சூடு ஏறிக்கொண்டே போனால் கிளம்பும்போது வண்டி உதறும், பிறகு திரையில் கியர்பாக்ஸ் வெப்ப எச்சரிக்கை வரும்.

செய்ய வேண்டியது, ஊராமல் விட்டு விட்டு நகர்வது. மேளக்காரர்கள் இருபது இருபத்தைந்து மீட்டர் முன்னால் போகட்டும். பிறகு பிரேக்கிலிருந்து காலை முழுசாக எடுத்து, அந்த இடைவெளியை ஒரே மூச்சில் கடந்து, பிரேக்கை நன்றாக மிதித்து நில்லுங்கள். அழுத்தி மிதித்தால் கிளட்ச் விடுபட்டுவிடும். அரைப் பிரேக்கில் வழுக்கிக்கொண்டே போவதுதான் கெடுதல். வீதி முனையில் வாணவேடிக்கைக்கு நிற்கும்போது ‘பி’யில் போட்டுவிடுங்கள். மேடான இடத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திப் பிடிக்கவே கூடாது, ஒரு நிமிஷம் அப்படிச் செய்வது அரை மணி ஊர்வலத்துக்குச் சமம். முடிந்ததும் அப்படியே மண்டப வாசலில் அணைக்காமல், வண்ணார்பேட்டை பக்கம் ஒரு ஐந்து பத்து நிமிஷம் சாதாரண வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். டர்போவும் கியர் எண்ணெயும் ஆறும். அணைத்த பிறகு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம்.

பூ அலங்காரக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். பானெட் அலுமினியம், அவர் கொண்டுவரும் காந்த வளையம் ஒட்டாது. ஒட்டவில்லை என்று செலோ டேப்புக்குத் தாவினால் வெயிலில் பசை பெயிண்டோடு சேர்ந்துவிடும். பருத்தி ரிப்பனைக் கதவு இடுக்கு வழியாக விட்டு உள்ளே முடிச்சுப் போட்டால் போதும். அடுத்தது, முன் கிரில்லில் மாலை சாத்தக் கூடாது. ரேடியேட்டர், இன்டர்கூலர் எல்லாம் அதன் பின்னால்தான் மூச்சு விடுகின்றன, ஊர்வலத்தில் ஏற்கெனவே காற்றோட்டம் கிடையாது. ஈரச் செவ்வந்தியின் சாறு கறை போடும், பூவை அன்று ராத்திரியே எடுத்துக் கழுவிவிட வேண்டும். நுரை ஸ்பிரே வைத்திருக்கும் பையன்களைப் பத்தடி தள்ளி நிறுத்துங்கள்.

வாடகை வாங்கிக்கொண்டு அனுப்ப நினைத்தால் வெள்ளை நம்பர் பிளேட்டில் அது செல்லாது, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிடும்.

மாதம் இரண்டு தடவைதான் எடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பேட்டரி இறங்கி, சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகளாக எரிகின்றன.
*- வாசகர், ஆலங்குளம்*

விளக்குகளை நம்பி எந்தப் பாகத்தையும் மாற்றிவிடாதீர்கள். வோல்டேஜ் குறைந்தால் கன்ட்ரோல் யூனிட்டுகள் வாய்க்கு வந்ததைச் சொல்லும். முதல் இரண்டு தலைமுறைகளில் டிக்கியின் இரு பக்கமும் இரண்டு பேட்டரிகள் உண்டு, ஒன்று ஸ்டார்ட்டருக்கு, மற்றது மீதி எல்லாவற்றுக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ‘புது பேட்டரி போட்டும் சரியாகவில்லை’ என்பவர்கள் நிறைய. வண்டி இரண்டு மணி நேரம் ஓய்ந்த பிறகு மல்ட்டிமீட்டரில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் காலி. சார்ஜ் ஏற்றியும் மறுநாள் 12.4க்குக் கீழே இறங்கினால் பேட்டரி முடிந்தது.

பாவூர்சத்திரம் வரை ஒரு நடை போய் வந்தால் சார்ஜ் ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம், ஸ்டார்ட்டுக்குச் செலவானதை ஈடுகட்டுவதற்குள் வீடு வந்துவிடும். ஏஜிஎம் (கண்ணாடி இழை வைத்த ரக) பேட்டரிக்கான வசதியுள்ள ஐந்து முதல் ஏழு ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜரை நிரந்தரமாக மாட்டி வையுங்கள். கரன்ட் போய் வந்தால் அது தானாகவே தொடரும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். இன்னொன்று சாவி. கீலெஸ் சாவியைப் போர்டிகோ பக்கத்து ஆணியில் மாட்டினால் காரும் சாவியும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். வீட்டின் மறுகோடியில் வையுங்கள். லாரி பேட்டரியில் ஜம்ப் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள், அது 24 வோல்ட். பேட்டரி முழுக்கச் செத்தால் டிக்கியை எப்படித் திறப்பது என்பதையும் கையேட்டில் இப்போதே படித்து வையுங்கள்.

நாங்குநேரி தாண்டி ஆணி ஏறிவிட்டது. சாலையோரக் கடையில் திரி போட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படியே விடலாமா? காவல்கிணறு பக்கம் காற்றில் இந்தக் கார் ஆடுமா?
*- வாசகர், வள்ளியூர்*

வீடு வந்து சேர்வதற்குத் திரி சரி. அதோடு நெடுஞ்சாலை வேகம் வேண்டாம். டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து காளான் பிளக் போடச் சொல்லுங்கள், அதுவும் ஓட்டை தரையில் படும் பட்டைப் பகுதியில் இருந்தால் மட்டும். பக்கச்சுவரில் என்றால் டயர் மாற்ற வேண்டியதுதான். கழற்றும் கடையில் லீவர் இல்லாத மெஷின் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கம்பி போட்டு நெம்பினால் இந்தத் தாழ்ந்த டயரின் விளிம்பும் கிழியும், ரிம்மும் கீறும்.

மூன்றாம் தலைமுறையில் 21 அங்குல ரிம்முக்கு முன்னால் 265/40, பின்னால் 305/35. முன் பின் மாற்றிப் போட முடியாது. வாங்கும்போது அளவோடு லோடு இண்டெக்ஸையும் கையேட்டோடு ஒப்பிடுங்கள், அளவு ஒன்றாக இருந்தாலும் எடை தாங்கும் எண் குறைந்த டயர் கிடைக்கும். வயதைப் பக்கச்சுவரிலுள்ள நாலு இலக்கம் சொல்லும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். பட்டை எவ்வளவு இருந்தாலும் ஆறு வருஷத்துக்கு மேல் வேண்டாம். காற்றை விடியற்காலையில், வண்டி ஓடும் முன்பு பார்க்க வேண்டும். மே மாதம் கயத்தாறு வரை ஓடிவிட்டுப் பார்த்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடித்தான் காட்டும். கூடிவிட்டது என்று அங்கே இறக்கினால் மறுநாள் காலை காற்று பற்றாமல் டயர் ஓரம் தேயும்.

காற்று: ஆடி மாதம் ஆரல்வாய்மொழி கணவாயில் வீசுவது சாமானியக் காற்றல்ல. ஆனாலும் தாழ்வான, இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டி, எஸ்யூவி மாதிரி தள்ளாது. லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில்தான் ஒரு இழுப்பு இருக்கும், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தால் போதும்.

2013 வி8க்கு இப்போது வரும் இ20 பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?
*- வாசகர், தென்காசி*

இ20 என்றால் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் வண்டியின் பெட்ரோல் மூடிக்கு உள்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகளுக்குப் பத்து சதவீத எத்தனால் வரைதான் கம்பெனி அனுமதி. ஒரு டேங்க் போட்டதும் எஞ்சின் நின்றுவிடாது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரை ஊறவைக்கும். ஆகவே எப்போதாவது ஓட்டுபவர்களுக்குத்தான் தொந்தரவு அதிகம். குற்றாலச் சாரல் காலத்தில் மாதக்கணக்கில் அரை டேங்கோடு நிறுத்தாதீர்கள், காலி இடத்திலுள்ள ஈரக் காற்றிலிருந்து தண்ணீர் இறங்கும். போட்ட பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் ஓட்டித் தீர்ப்பது நல்லது. வருஷத்துக்கு ஒரு தடவை எரிபொருள் ஹோஸ், ஓ-ரிங் எல்லாவற்றையும் ஊறல், வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. மைலேஜும் அதற்கேற்பக் குறையும். ஏற்கெனவே லிட்டருக்கு ஆறு ஏழு தரும் காரில் அது பெரிய துக்கமில்லை.

பெருநகரங்களில் கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலைக் கேனில் வாங்கி வருவது ஆபத்தான வேலை, வேண்டாம். 95 ஆக்டேன் போதும். அதற்கும் குறைந்தால் நாக் சென்சார் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும், சக்தி கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

மயில் வந்து கார்க் கதவைக் கொத்துகிறது. எலி வேறு வயரைக் கடித்துவிட்டது.
*- வாசகர், களக்காடு*

மயிலுக்குக் காரின் மேல் கோபமில்லை, கதவில் தெரியும் இன்னொரு மயிலின் மேல்தான். கறுப்பு, கருநீலப் பெயிண்டில் பிம்பம் தெளிவாக விழுவதால் அந்த வண்டிகள்தான் அதிகம் அடிவாங்கும். பாதுகாப்பு ஃபிலிம் சிறு கீறலைத் தாங்கும், மயில் அலகை முழுக்கத் தாங்காது. காற்றோட்டமுள்ள துணிக் கவர் போட்டுப் பிம்பத்தை மறைப்பதுதான் வழி. வண்டியைக் கழுவித் துடைத்த பிறகு போடுங்கள், புழுதியின் மேல் போட்டால் கவரே உப்புத்தாள் ஆகிவிடும். கழுவவும் ஆழ்குழாய் உப்புத் தண்ணீர் வேண்டாம், வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி பெயிண்டில் பதிந்துவிடும். கூலன்ட்டில் அதை ஊற்றுவது அதைவிட மோசம். கம்பெனி சொன்ன கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அதுதான் கணக்கு.

எலிக்குப் பாச்சா உருண்டையைப் பானெட்டுக்குள் போட்டால் அந்த நெடி ஏசி வழியாக உள்ளே வந்து தோல் சீட்டில் தங்கிவிடும். ஷெட்டில் தானிய மூட்டை, தேங்காய் நெற்று வைக்காமல் இருப்பதும், மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை வண்டியை நகர்த்துவதும்தான் பலன் தரும். கடித்த வயரை முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். ஒன்றையொன்று பின்னி ஓடும் ஜோடி வயர் என்றால் அது யூனிட்டுகள் பேசிக்கொள்ளும் தடம். அதே பின்னலோடு சாலிடர் வைத்து, சுருங்கும் டியூப் போட்டு மூட வேண்டும்.

கடற்கரை ஊரில் வைத்துக்கொள்ளலாமா?
*- வாசகர், உவரி*

வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு தடவை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, உடனே ஐந்து நிமிஷம் ஓட்டி பிரேக்கைக் காயவிட்டு நிறுத்துங்கள். உப்புக் காற்றில் இரும்பு டிஸ்க் ஒரே ராத்திரியில் செம்மண் நிறமாகும். மேலோட்டமான துரு நாலு பிரேக்கில் போய்விடும்.

பின் சீட்டில் ஆச்சியை உட்கார வைத்து சங்கரநயினார் கோவிலுக்குக் கூட்டிப் போக முடியுமா?
*- வாசகர், சங்கரன்கோவில்*

முட்டி வலி இருக்கும் ஆச்சி என்றால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். முன் சீட்டை மடக்கி, குனிந்து, திரும்பி உள்ளே போக வேண்டும், வெளியே வருவது அதைவிடக் கஷ்டம். ஆச்சியை முன்னால் உட்கார வையுங்கள், நீங்கள் ஓட்டுங்கள், பேரப்பிள்ளைகள் பின்னால். இறங்கும்போது சஸ்பென்ஷனை உயர்த்தி நிறுத்தினால் எழுந்திருக்கச் சுலபம். கதவு நீளமானது, தேர் நிலை பக்கத்துச் சந்தில் முழுசாகத் திறக்க இடம் பார்த்து நிறுத்துங்கள். குடும்பமே போக வேண்டும் என்றால் அதே கம்பெனியின் ஃப்ளையிங் ஸ்பர் நாலு கதவு.

புதிய ஹைப்ரிட் ஜிடிக்கு வீட்டில் சார்ஜர் வைக்க என்ன வேண்டும்?
*- வாசகர், மகாராஜநகர்*

2024இல் வந்த ஜிடி ஸ்பீடில் 600 பிஎஸ் வி8ஓடு 190 பிஎஸ் மின்மோட்டார் சேர்ந்து மொத்தம் 782 பிஎஸ், 1,000 நியூட்டன் மீட்டர். பேட்டரி 25.9 கிலோவாட் அவர், ஐரோப்பிய சோதனைக் கணக்கில் மின்சாரத்திலேயே 81 கி.மீ. நம் மே மாத ஏசியோடு அதில் நன்றாகவே குறையும். வண்டி எடுத்துக்கொள்ளும் அதிகபட்சம் 11 கிலோவாட், அதற்கு மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். ஒற்றை ஃபேஸில் 7 கிலோவாட் சார்ஜர் வைத்தால் காலியிலிருந்து நிறைய நாலு மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுக் காலையில் எடுப்பவருக்கு அது தாராளம். முதலில் மின்வாரியத்தில் அனுமதித்த லோடைக் கூட்டுங்கள். மீட்டரிலிருந்து சார்ஜர் வரை தனி கேபிள், தனி பிரேக்கர், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. பெரும்பாலான வீடுகளில் சார்ஜர் சிவப்பு காட்டி மறுப்பது எர்த் சரியில்லாததால். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் புது எர்த் குழி போடுங்கள். நம் செம்மண், பாறை நிலத்தில் பழைய முறைக் குழி கோடையில் காய்ந்துவிடும்.

பேட்டரி பின் அச்சுக்குப் பின்னால் போனதால் டிக்கி 260 லிட்டராகச் சுருங்கிவிட்டது, முந்தைய தலைமுறையில் 358. கிராண்ட் டூரரில் பெட்டி வைக்க இடத்தைக் குறைத்தது எங்களுக்குப் பிடிக்கவில்லை.

கர்நாடகப் பதிவு வண்டி ஒன்று பேசி வைத்திருக்கிறேன். இங்கே மாற்ற என்ன செய்ய வேண்டும்?
*- வாசகர், நாங்குநேரி*

அங்குள்ள ஆர்டிஓவில் படிவம் 28இல் தடையில்லாச் சான்று. கடன் பாக்கி இருந்தால் வங்கியின் விடுவிப்புக் கடிதம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இங்கே புது எண்ணுக்குப் படிவம் 27. வேறு மாநில எண்ணோடு இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும், ஆனாலும் தொகை கையைக் கடிக்கும். விலை பேசும் முன்பே ஆர்டிஓவில் கணக்குக் கேளுங்கள். இங்கே வரி கட்டிய ரசீதோடு விண்ணப்பித்தால் கர்நாடகத்தில் கட்டியதில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம்.

இறக்குமதி வண்டி என்பதால் சுங்கத் துறையின் பில் ஆஃப் என்ட்ரி நகல் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தற்காலிக அனுமதியில் வந்து திரும்பிப் போகாத வண்டிகளும் சந்தையில் சுற்றுவதுண்டு. சேஸிஸ் எண்ணை ஆர்சி, பில், கண்ணாடிக்கு அடியிலுள்ள தகடு என்று மூன்று இடத்திலும் ஒப்பிடுங்கள். பென்ட்லி என்றால் எஸ்சிபி (SCB) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும், பத்தாவது எழுத்து மாடல் வருஷம். 8 என்றால் 2008, சி (C) என்றால் 2012, டி (D) என்றால் 2013. விற்பவர் சொல்லும் வருஷம் இதோடு ஒத்துவரவில்லை என்றால் விலையை அந்த எழுத்தின்படிப் பேசுங்கள்.